இரண்டு பேருக்கும் 'பி' வகை மெனிஞ்சைட்டிஸ், ஆனால் தொடர்பில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: மகன் அமெரிக்காவில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறான், மூன்று வாரத்துக்குள் அங்கே இரண்டு மாணவர்களுக்கு மெனிஞ்சைட்டிஸ் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் அழற்சி) வந்துவிட்டது, இரண்டுமே 'பி' வகை என்று முதலில் மெயில் வந்தது, அப்புறம் வந்த மெயிலில் 'மரபணுப் பரிசோதனையில் இரண்டும் வெவ்வேறு கிருமி என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது நோய்ப்பரவல் இல்லை' என்று போட்டிருக்கிறார்கள், ஒரே நோய், ஒரே வகை, ஒரே வளாகம், இதில் தொடர்பில்லாமல் எப்படிப் போகும், பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கிறார்களா? இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. அந்தப் பரிசோதனையால் அப்படிப் பிரித்துச் சொல்ல முடியுமா என்பது ஒன்று, சொன்னால் அதை நம்பி நிம்மதியாக இருக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில் தெளிவாகவே இருக்கிறது: முடியும். 'வேறு வேறு' என்பதுதான் இந்தப் பரிசோதனை தரக்கூடிய பதில்களிலேயே உறுதியானது. 'இரண்டும் ஒன்றேதான்' என்று வந்திருந்தால்தான் நான் இன்னும் நாலு விஷயம் விசாரித்திருப்பேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

நான் மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரைப் பார்த்துக் கிருமியைக் கண்டுபிடிப்பதும் அப்புறம் அதன் மரபணு வகையைப் பிரிப்பதும்தான் தொழில். உங்கள் மகனின் பல்கலைக்கழகத்து ஆய்வக அறிக்கையை நான் பார்க்கவில்லை, அதனால் அவர்கள் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கிருமி. நைசீரியா மெனிஞ்சைட்டிடிஸ், நாங்கள் சுருக்கமாக மெனிங்கோகாக்கஸ் என்போம். 1887-இல் வியன்னாவில் ஆன்டன் வைக்செல்பாம் என்பவர் இதை நோயாளிகளின் தண்டுவட நீரில் கண்டு விவரித்தார். பெயரைக் கேட்டால் மூளையைத் தாக்கவே பிறந்தது மாதிரி இருக்கும், ஆனால் அதன் சொந்த வீடு மனிதனின் மூக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டை. ஏறத்தாழ பத்தில் ஒருவர் இதை எந்தத் தொந்தரவும் இல்லாமல் தொண்டையில் சுமந்துகொண்டிருக்கிறார், பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்களிடம் இந்த அளவு இன்னும் கூடுதல். அவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் கிருமி ரத்தத்துக்குள் இறங்கி நோயாகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு விடுதியில் இரண்டு பேருக்கு இந்த நோய் வந்தால், ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்கு நேரடியாகக் கொடுத்திருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் நடுவில் நோயே வராத நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களுக்கே தெரியாது. அதே மாதிரி, ஒரே வளாகத்தில் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு வேறு வேறு மெனிங்கோகாக்கஸ் குடும்பங்கள் தொண்டை தொண்டையாகச் சுற்றிக்கொண்டிருப்பதும் சாதாரணம்.

சரி, 'பி' என்பது என்ன? கிருமியின் மேலே சர்க்கரையால் ஆன ஒரு உறை இருக்கிறது, அந்த உறையின் வேதியியலை வைத்து 12 வகை பிரித்திருக்கிறார்கள், அதில் ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய ஆறுதான் பெரும்பாலும் நோய் உண்டாக்குகின்றன. உறையைக் கிருமி போட்டிருக்கும் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் நீலச் சட்டை போட்டிருப்பதால் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள், அதுவும் அந்த ஊரில் பாதிப் பேர் நீலச் சட்டைக்காரர்கள் என்றால் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரி வயது இளைஞர்களுக்கு வரும் மெனிங்கோகாக்கஸ் நோயில் பல வருடமாக 'பி' தான் முன்னால் நிற்கிறது. ஆகவே இரண்டு 'பி' கேஸ் தற்செயலாக அடுத்தடுத்து வருவது அரிது என்றாலும் நம்ப முடியாத விஷயம் இல்லை. போதாததற்கு இந்தக் கிருமி சட்டையையும் மாற்றிக்கொள்ளும். வெளியில் கிடக்கும் டி.என்.ஏ. துண்டை அப்படியே உள்ளே இழுத்துத் தன் மரபணுவில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இதற்கு உண்டு. தன் இனத்தின் டி.என்.ஏ. தானா என்று பார்க்க அது தேடும் பத்தெழுத்து அடையாளம் ஒன்று அதன் மரபணுவில் ஏறத்தாழ 1,900 இடங்களில் பதிந்திருக்கிறது. ஒரே தொண்டையில் இரண்டு குடும்பங்கள் சந்தித்தால் உறைக்கான மரபணுக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். நேற்று 'சி' உறையோடு இருந்த குடும்பத்தின் கிளை ஒன்று இன்று 'டபிள்யூ' உறையோடு வருவது நிஜமாகவே நடந்திருக்கிறது. அதனால்தான் உறையை மட்டும் பார்த்து உறவு சொல்வதை இந்தத் துறையில் யாரும் ஏற்பதில்லை.

உறவு பார்க்க முன்பு கிருமியின் நொதிகளை ஜெல்லில் ஓடவிட்டு, எது எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்ப்பார்கள். 1980-களில் இதை வைத்துத்தான் உலகம் முழுக்க நோய் உண்டாக்குவது சில குறிப்பிட்ட குடும்பங்கள் மட்டுமே என்று கண்டுபிடித்தார்கள், அது பெரிய விஷயம். ஆனால் ஜெல் படம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும், ஆஸ்லோவில் ஓட்டியதையும் டெல்லியில் ஓட்டியதையும் பக்கத்தில் வைத்து இது அதுதான் என்று சொல்வது பெரும்பாடு. 1998-இல் மார்ட்டின் மெய்டன் குழுவினர் எம்.எல்.எஸ்.டி. என்ற முறையை வெளியிட்டார்கள். பாக்டீரியாக்களில் முதன்முதலாக இந்த மெனிங்கோகாக்கஸில்தான் அதைச் செய்துகாட்டினார்கள், பின்னால் எத்தனையோ கிருமிகளுக்கு அது வழக்கமாகிவிட்டது.

முறை எளிமையானது. கிருமி உயிரோடு இருக்கத் தேவையான அன்றாட வேலைகளைச் செய்யும் ஏழு மரபணுக்களை எடுத்துக்கொள்கிறார்கள். நம் உடலின் எதிர்ப்புச் சக்தி இவற்றைக் குறிவைப்பதில்லை, அதனால் இவை அவசரப்பட்டு மாறுவதில்லை, குடும்ப வரலாற்றை நிதானமாகச் சுமந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 450 எழுத்துகளைப் படிக்கிறார்கள். ஒரு எழுத்து மாறினாலும் அது புது வடிவம், அதற்குப் புது எண். ஏழு மரபணுவுக்கு ஏழு எண், அந்த ஏழும் சேர்ந்த வரிசைக்கு ஒரு எஸ்.டி. எண். ஒரு உதாரணம் பாருங்கள். எஸ்.டி.-11 என்ற பேர்போன குடும்பத்தின் வரிசை 2, 3, 4, 3, 8, 4, 6. நார்வேயை 1970-களிலும் 80-களிலும் ஆட்டிவைத்த குடும்பத்தில் வரும் எஸ்.டி.-32-இன் வரிசை 4, 10, 5, 4, 6, 3, 8. இடத்துக்கு இடம் ஒப்பிட்டுப் பாருங்கள், ஏழில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இப்படி இரண்டு நோயாளிகளிடமிருந்து வந்தால் அந்த இரண்டு கிருமிகளும் பிரிந்து எத்தனையோ காலமாகிவிட்டது, போன வாரம் ஒருவர் தொண்டையிலிருந்து மற்றவர் தொண்டைக்கு ஒரே கிருமி போயிருக்க வாய்ப்பே இல்லை. மூன்று வாரத்தில் ஏழு மரபணுவும் மாறிப்போவது நடக்காத காரியம். உங்களுக்கு வந்த மெயிலில் 'தொடர்பில்லை' என்று அவ்வளவு திடமாகச் சொல்ல முடிவது இதனால்தான். எழுத்துகளைப் படிப்பதால் இன்னொரு வசதியும் கிடைத்தது: எந்த நாட்டு ஆய்வகமும் தன் எண்ணை ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் பப்எம்எல்எஸ்டி என்ற பொதுத் தரவுத்தளத்தில் போட்டு, இதே குடும்பம் வேறெங்கே எந்த வருடம் வந்திருக்கிறது என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் நிலைமைக்கு ரொம்பவே பக்கத்தில் இருக்கும் ஒரு நிஜச் சம்பவம் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்ச்சிலிருந்து நவம்பருக்குள் அந்த வளாகத்தோடு தொடர்புள்ள எட்டுப் பேருக்கு 'பி' வகை வந்தது. அதே நவம்பரில் நாட்டின் மறுகோடியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் நாலு பேருக்கு, அதுவும் 'பி'. செய்தி பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கிருமி நாடு முழுக்கப் பரவிவிட்டது என்று பயந்தார்கள், பயந்ததில் தப்பில்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. வகை பிரித்துப் பார்த்தபோது பிரின்ஸ்டனுக்குள் வந்தவை தமக்குள் ஒன்றாக, எஸ்.டி.-409 என்று வந்தன. சாண்டா பார்பராவில் வந்தது முன்னால் சொன்ன எஸ்.டி.-32 குடும்பம். இரண்டு தனித்தனிப் பரவல்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. பிரின்ஸ்டனில் ஒரே கிருமி மாதக்கணக்கில் சுற்றுகிறது என்று தெரிந்ததால், அமெரிக்காவில் அப்போது உரிமம் கிடைத்திராத பெக்ஸெரோ என்ற 'பி' வகைத் தடுப்பூசியைச் சிறப்பு அனுமதி வாங்கி அந்த டிசம்பரில் மாணவர்களுக்குப் போட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2014 மார்ச்சில் பிலடெல்ஃபியாவில் உள்ள ட்ரெக்ஸல் பல்கலைக்கழக மாணவி ஒருவர் மெனிஞ்சைட்டிஸில் இறந்துபோனார். ட்ரெக்ஸலில் வேறு யாருக்கும் நோய் இல்லை. அவருடைய கிருமியின் மரபணு பிரின்ஸ்டன் கிருமியோடு பொருந்தியது. விசாரித்தால், நோய் வருவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு பிரின்ஸ்டன் மாணவர்களோடு நெருங்கிப் பழகியிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, பிரின்ஸ்டனில் அதற்குள் பெரும்பாலானோர் ஊசி போட்டுவிட்டார்கள், அங்கே புதிதாக யாருக்கும் நோய் வரவும் இல்லை, ஆனாலும் கிருமி யாரோ ஒருவரின் தொண்டையில் இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. 'பி' தடுப்பூசி போட்டவரைக் காப்பாற்றும், தொண்டையிலிருந்து கிருமியைத் துடைத்தெடுக்காது என்பதற்கு இதைவிட வலியான சான்று வேண்டாம். வகை பிரிக்கும் வேலை இல்லாமல் போயிருந்தால் அந்த மாணவியின் மரணம் ஏதோ தனிச் சம்பவம் என்று பதிவாகிப் போயிருக்கும்.

அந்த ஊசி வேலை செய்யுமா என்று பார்ப்பதற்கும் மரபணு வகைதான் கைகொடுத்தது. ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு உறையையே தடுப்பூசியாக்கலாம். 'பி' வகையின் உறை நம் நரம்புத் திசுவில் இருக்கும் ஒரு சர்க்கரையைப் போலவே இருப்பதால் நம் உடல் அதை அந்நியன் என்று பார்ப்பதில்லை, அதை வைத்து ஊசி செய்ய முடியவில்லை. அதனால் 'பி' ஊசிகள் கிருமியின் மேற்பரப்புப் புரதங்களை வைத்துச் செய்யப்பட்டவை, அந்தப் புரதங்களோ குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறவை. பிரின்ஸ்டன் கிருமியின் புரதங்கள் ஊசியில் இருப்பவற்றில் இரண்டோடு நெருங்கி வந்தன, ஆகவே போடலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் பின்னால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது, இரண்டு டோஸ் போட்டவர்களில் ஏறத்தாழ 66 சதவீதம் பேரிடம்தான் அந்தக் கிருமியைக் கொல்லும் அளவுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. மூன்றில் ஒருவரிடம் இல்லை. ஆய்வகத்துக் கணக்கில் 'பொருந்துகிறது' என்பதும் மனித உடலில் 'காக்கிறது' என்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

இதுவரை சொன்னது உறுதியான பக்கம். இனி உறுதி குறையும் பக்கம். 'வேறு' என்று ஏழு மரபணு சொன்னால் நம்பலாம். 'ஒன்று' என்று ஏழு மரபணு சொன்னால் அவசரப்படக் கூடாது. 2000-ஆம் ஆண்டு ஹஜ் யாத்திரையை ஒட்டி 'டபிள்யூ' வகை வெடித்து, யாத்ரீகர்களும் அவர்கள் ஊர் திரும்பியபின் அவர்களோடு இருந்தவர்களுமாக 400-க்கும் மேற்பட்டோரைப் பல நாடுகளில் தாக்கியது. அது எஸ்.டி.-11. அதிலிருந்து சவுதி அரசு யாத்ரீகர்களுக்கு நான்கு வகை ஊசியைக் கட்டாயமாக்கியது, நம் ஊரிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இன்றும் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். 2002-இல் புர்கினா ஃபாசோவில் 'டபிள்யூ' பெரும் கொள்ளைநோயாக வந்து ஏறத்தாழ 13,000 பேரைப் பிடித்தது. பிறகு 2009-க்கு அப்புறம் இங்கிலாந்தில் 'டபிள்யூ' வருடா வருடம் ஏற ஆரம்பித்தது, அதுவும் எஸ்.டி.-11. ஏழு எண்ணும் அச்சு அசலாக அதே. ஹஜ் கிருமிதான் திரும்பி வந்துவிட்டது என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. முழு மரபணுவையும் படித்துப் பார்த்தபோதுதான் அது ஹஜ் கிளை இல்லை, தென் அமெரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்த வேறொரு கிளையின் வாரிசு என்று தெரிந்தது. 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பதின்பருவத்தினருக்கு நான்கு வகை ஊசி கொடுக்க ஆரம்பித்ததற்கு இந்தக் கிளையின் வேகம்தான் காரணம். அதே கோடையில் ஜப்பானில் நடந்த உலக சாரணர் பெருமுகாமுக்குப் போய் வந்த ஸ்காட்லாந்து, ஸ்வீடன் சாரணர்களுக்கு நோய் வந்தபோது, முழு மரபணுவைப் படித்ததால் அதே கிளை என்று சீக்கிரம் கண்டுகொண்டார்கள்.

முழு மரபணு என்றால் ஏறத்தாழ 22 லட்சம் எழுத்து. 2000-ஆம் ஆண்டில் முதல் இரண்டு மெனிங்கோகாக்கஸ் மரபணுக்களை முழுதாக வெளியிட்டது உலகச் செய்தியாக இருந்தது, இப்போது ஒரு நல்ல ஆய்வகம் சில நாட்களில் முடித்துவிடுகிறது. ஏழு மரபணுவுக்குப் பதிலாக எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான 1,600-க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒப்பிடுகிறார்கள். அப்படியிருந்தும் சந்தேகம் முழுக்கப் போய்விடுவதில்லை. எத்தனை வித்தியாசம் வரை 'ஒரே கிருமி' என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடு இல்லை. காரணம் முன்னால் சொன்ன அதே டி.என்.ஏ. இழுக்கும் பழக்கம். ஒரே மூச்சில் ஒரு துண்டை உள்ளே இழுத்தால் நூறு எழுத்து ஒன்றாக மாறும், எழுத்தை எண்ணுகிறவர் 'தூரத்து உறவு' என்பார், மரபணுவை எண்ணுகிறவர் 'ஒரு மரபணுதானே மாறியிருக்கிறது, நேற்றைய மாற்றம்' என்பார். நான் மரபணுவை எண்ணும் கட்சி. இதையெல்லாம் தாண்டி, இரண்டும் ஒரே கிருமி என்று தீர்மானமானாலும் யாரிடமிருந்து யாருக்கு என்று மரபணு சொல்லாது. நடுவில் இருக்கும் நோயில்லாத தொண்டைகள் ஆய்வகத்துக்கு வருவதே இல்லை. அதற்கு யார் எந்த அறையில் தூங்கினார்கள், எந்த விருந்துக்குப் போனார்கள் என்று ஆள் வைத்து விசாரிப்பதுதான் வழி. ட்ரெக்ஸல் மாணவியின் விஷயத்திலும் மரபணு பாதி, விசாரணை பாதி.

இன்னொரு இடத்திலும் பதில் அரைகுறையாக நிற்கும், அதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. மரபணு படிக்கக் கிருமி வேண்டும், உயிரோடு வளர்ந்த கிருமி கிடைத்தால் நல்லது. மெனிஞ்சைட்டிஸ் சந்தேகம் வந்த உடனே டாக்டர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிடுவார், போடத்தான் வேண்டும், ஒரு மணி நேரத் தாமதமும் உயிரோடு விளையாடுவது. ஆனால் ஊசி போட்ட சில மணி நேரத்தில் தண்டுவட நீரில் கிருமி செத்துவிடும், வளர்க்க எதுவும் மிஞ்சாது. மிஞ்சினதும் நம் ஊர்களில் வழியில் செத்துப்போகும். ராத்திரி எடுத்த நீரைக் காலையில் ஆய்வகம் திறந்ததும் கொடுக்கலாம் என்று நல்லெண்ணத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார்கள். மற்ற எத்தனையோ மாதிரிகளுக்கு அது சரி, மெனிங்கோகாக்கஸுக்குக் குளிர் ஆகவே ஆகாது. எடுத்த கையோடு, அறை வெப்பத்திலேயே வந்து, சாக்லேட் அகார் என்ற கிருமி வளர்க்கும் ஊடகத்தில் தடவி, கரியமிலவாயு கொஞ்சம் இருக்கும்படி மெழுகுவர்த்தி ஏற்றி மூடிய ஜாடியில் 37 டிகிரியில் வைத்தால், மறுநாள் சாம்பல் நிறத்தில் ஈரப் பளபளப்போடு சின்னச் சின்ன வட்டமாக எழுந்து நிற்கும். அதைப் பார்க்கும் ஆய்வகங்கள் நம் நாட்டில் குறைவாக இருப்பதற்கு நோய் குறைவு என்பது மட்டும் காரணமில்லை என்பது என் கருத்து. கிருமி வளராதபோது பி.சி.ஆர். மூலம் செத்த கிருமியின் டி.என்.ஏ.வைப் பிடித்து உறை வகையையும், வாய்த்தால் ஓரிரு புரத மரபணுக்களையும் படிக்கலாம். அதற்கு மேல் போவது கடினம். ஆகவே உங்கள் மகனிடம் கேட்கச் சொல்லுங்கள்: இரண்டு கேஸிலும் கிருமி வளர்ந்ததா, முழு மரபணு பார்த்தார்களா, இல்லை பி.சி.ஆர். மட்டும்தானா? முழு மரபணு பார்த்து 'வேறு' என்றிருந்தால் அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஓரிரு புரத மரபணுவை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் புரதங்கள் உடலின் எதிர்ப்புக்குப் பயந்து வேகமாக மாறுகிறவை என்பதால் நான் அதே அளவு உறுதி தர மாட்டேன்.

அமெரிக்காவில் மட்டும்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள், நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1983 வாக்கில் நேபாளத்தின் காத்மாண்டு பள்ளத்தாக்கில் 'ஏ' வகை பரவியது, 1985-இல் டெல்லியில் பரவியது, 1987 ஹஜ்ஜில் மெக்காவில் வெடித்தது, 1988-இல் சாட், சூடான் என்று ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அந்தந்த ஊரில் இருந்து பார்த்தால் எல்லாம் தனித்தனிக் கொள்ளைநோய். நொதிகளை ஓட்டி வகை பார்த்தவர்கள்தான் இது ஒரே குடும்பத்தின் பயணம் என்று கண்டார்கள். ஆப்பிரிக்காவின் செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் மெனிஞ்சைட்டிஸ் பட்டையில் 'ஏ' வகை 1996, 97-இல் மட்டும் ஏறத்தாழ 2,50,000 பேரைத் தாக்கியது. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்து, ஒரு டோஸ் அரை டாலருக்கும் கீழே விற்ற மென்ஆஃப்ரிவேக் ஊசியை 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் ஆரம்பித்துப் போட்டபின் 'ஏ' அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. ஆனால் 2013-இல் வடமேற்கு நைஜீரியாவில் 'சி' உறையோடு எஸ்.டி.-10217 என்ற, யாரும் அதுவரை கேள்விப்படாத குடும்பம் தலைகாட்டியது. தொண்டையில் சாதுவாக இருந்த ஒரு கிருமி, உறை மரபணுக்களையும் வீரியம் கூட்டும் ஒரு வைரஸ் துண்டையும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு கொலைகாரனாக மாறியிருக்கிறது என்பது முழு மரபணுவைப் படித்தபோது தெரியவந்தது. 2017-இல் அது நைஜீரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. அதே சீரம் இன்ஸ்டிடியூட்டின் ஐந்து வகை ஊசி 2024-இல் நைஜீரியாவில்தான் முதலில் போடப்பட்டது.

தமிழ்நாட்டில் மெனிங்கோகாக்கஸ் அரிது, இங்கே பாக்டீரியாவால் வரும் மெனிஞ்சைட்டிஸ் என்றால் பெரும்பாலும் நிமோகாக்கஸ் என்ற வேறொரு கிருமிதான் எங்கள் மேஜைக்கு வரும். ஆனால் டெல்லியில் 2005-இல் மறுபடி 'ஏ' வந்தது, 2008, 2009-இல் மேகாலயாவில் வந்தது. 2005 டெல்லிக் கிருமிகளில் சிப்ரோஃப்ளாக்ஸாசினுக்கு அடங்காதவை இருந்தன. இது ஏன் முக்கியம் என்றால், நோயாளியோடு நெருங்கியிருந்தவர்களுக்கு முன்தடுப்பாகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று சிப்ரோ. 2024 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றிலும் சேர்த்து, சவுதிப் பயணத்தோடு தொடர்புள்ள 12 கேஸ்கள் பதிவாயின, பெரும்பாலும் உம்ராவுக்குப் போனவர்கள் அல்லது அவர்களோடு பழகியவர்கள், பெரும்பாலும் 'டபிள்யூ'. அவற்றிலும் மூன்று கிருமிகள் சிப்ரோவுக்கு அடங்கவில்லை. ஊசி விவரம் தெரிந்த ஒன்பது பேரும் ஊசி போடாதவர்கள். கிருமியின் மரபணுவைப் படித்தால் இந்த எதிர்ப்பும் அதிலேயே தெரிந்துவிடும், கூட இருந்தவர்களுக்கு ரிஃபாம்பிசினா, செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியா என்று உடனே மாற்றிக்கொள்ளலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நிம்மதியாக இருக்கலாமா. இரண்டும் வேறு கிருமி என்றால் வளாகத்தில் ஒரு ஆபத்தான கிருமி வேகமாகப் பரவுகிறது என்ற பயம் தேவையில்லை, அந்த அளவில் மெயில் சொன்னது சரி. ஆனால் 'பி' வகைக்கு எதிராக உங்கள் மகனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு இந்தப் பரிசோதனையில் பதில் இல்லை. இங்கிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் போட்டுக்கொண்டு போகும் கட்டாய ஊசி பெரும்பாலும் ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்குக்கும்தான், அதில் 'பி' கிடையாது. பல பெற்றோர் 'மெனிஞ்சைட்டிஸ் ஊசி போட்டாச்சே' என்று இருந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 16 முதல் 23 வயது வரை டாக்டரோடு பேசி முடிவெடுத்து 'பி' ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள், மாணவர் சுகாதார மையத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். ஒரு டோஸில் முடியாது, எந்த பிராண்டில் ஆரம்பித்தானோ அதிலேயே முடிக்க வேண்டும், மாற்றிப் போடக் கூடாது. என் பிள்ளையாக இருந்தால் இந்த இரண்டு கேஸும் தொடர்புள்ளதா இல்லையா என்று பாராமல் போட்டுவிடுவேன்.

நோயாளிகள் இருவரில் யாரோடாவது ஒரே அறை, ஒரே வீடு, முத்தமிடும் அளவுக்கு நெருக்கம் என்றிருந்தால் சுகாதாரத் துறையே கூப்பிட்டு மாத்திரை கொடுத்திருக்கும். அப்படி அழைப்பு வராமல், ஆனால் நெருங்கிப் பழகியது அவனுக்கு நினைவிருந்தால், அவனே போய்ச் சொல்ல வேண்டும். திடீர்க் காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, குழப்பமான பேச்சு, கை கால் சில்லிட்டுப்போவது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு ஊதாப் புள்ளிகள், இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்கவும் கூடாது, புள்ளிகள் பல பேருக்கு வருவதே இல்லை.

மூன்றாவதாக ஒரு கேஸ் வந்து, அது இந்த இரண்டில் ஒன்றோடு மரபணுவில் பொருந்திவிட்டால் நான் மேலே சொன்ன 'பயம் தேவையில்லை' என்பது செல்லாது. ஒரே வளாகத்தில் மூன்று மாதத்துக்குள் இரண்டு மூன்று தொடர்புள்ள கேஸ் என்றாலே அங்கே பரவல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், எல்லாருக்கும் ஊசி போடுவது பற்றிப் பேச்சு ஆரம்பிக்கும். அப்போது அவர்கள் அனுப்பும் மெயிலை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.